கருவிகளின் கதை: உயரத்தை யாரிடம் கேட்பது?

1983 ஜூலை 23. கனடாவின் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போய்க்கொண்டிருந்தது ஒரு போயிங் 767 விமானம். 41,000 அடி உயரம். விமானிகள், பணியாளர்களோடு சேர்த்து உள்ளே 69 பேர். பாதி வழியில் எரிபொருள் தீர்ந்துபோனது. முதலில் ஒரு எஞ்சின் நின்றது. சில நிமிடங்களில் இன்னொன்றும் நின்றது.

காரணம், ஒரு கணக்குப் பிழை. எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட டேங்கில் இல்லை.

எஞ்சின்கள் நின்றதும் மின்சாரம் போனது. விமானியின் முன்னால் இருந்த நவீனத் திரைகள் இருண்டன. மிஞ்சியவை அவசரத்துக்கு என்று வைத்திருந்த ஒருசில பழைய கருவிகள் மட்டுமே. அவற்றில் ஒன்று, காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் சாதாரண ஆல்டிமீட்டர்.

துணை விமானி மாரிஸ் க்வின்டால் கணக்குப் போட்டார். தரைக்கட்டுப்பாட்டு அறை தூரத்தைச் சொன்னது. ஆல்டிமீட்டர் உயரத்தைச் சொன்னது. 10 கடல் மைல், அதாவது சுமார் 18.5 கிலோமீட்டர் முன்னே போவதற்குள் 5,000 அடி இறங்கியிருக்கிறார்கள். அப்படியென்றால், ஒரு அடி இறங்கினால் 12 அடி முன்னே போகலாம். இந்தக் கணக்கில் வின்னிபெக் விமான நிலையம் வரை போய்ச் சேர முடியாது. பக்கத்தில் இருந்த கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்துக்குத் திருப்பினார்கள். கேப்டன் ராபர்ட் பியர்சன், ஓய்வு நேரத்தில் எஞ்சினே இல்லாத கிளைடர்களை ஓட்டிப் பழகியவர். அந்த அனுபவம் கைகொடுத்தது. 767-ஐ கிளைடர் போலவே சறுக்கிக்கொண்டுபோய்த் தரையிறக்கினார். ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பியர்சனின் திறமையைச் சொல்வார்கள். அது நியாயம்தான். ஆனால், அந்தத் திறமைக்கு அடியில் ஒரு எண் இருந்தது. 'இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்?' என்ற எண். அது பொய் சொல்லியிருந்தால், மற்ற எல்லாமே பொய்த்துப்போயிருக்கும்.

767 விமானிக்கு வாழ்நாளில் ஒரு முறைகூட வராத இந்தச் சூழல், கிளைடர் விமானிக்கு ஒவ்வொரு பறத்தலிலும் வருகிறது.

100 மீட்டர் தவறினால் 4 கிலோமீட்டர்!

கிளைடரில் எஞ்சின் கிடையாது. இன்னொரு விமானமோ, தரையில் உள்ள இழுவை இயந்திரமோ அதை மேலே இழுத்துவிடும். பிறகு, வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதிலேயே வட்டமடித்து உயரம் சேர்க்க வேண்டும். சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த இடத்துக்குச் சறுக்க வேண்டும். கிளைடருக்கு உயரம்தான் பெட்ரோல். ஐரோப்பாவில் நல்ல வெயில் நாளில், இப்படியே பல நூறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு மாலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார்கள். நம் நாட்டில் புனேயின் ஹடப்ஸரிலும் கிளைடர் பயிற்சி மையம் இருக்கிறது.

நாள் முடியும் நேரத்தில் ஒரு கேள்வி வரும். வெயில் தணிகிறது. மேலெழும் காற்று இனி கிடைக்காது. விமான தளம் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. கையில் இருக்கும் உயரம் போதுமா?

இதைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் 'ஃப்ளைட் கம்ப்யூட்டர்' எனும் சின்னக் கருவியின் முக்கிய வேலை. தனிக் கருவியாகவும் வருகிறது. ஆண்ட்ராய்டு போனில் ஓடும் 'எக்ஸ்சிசோர்' போன்ற இலவசச் செயலியாகவும் கிடைக்கிறது. உயரம், தூரம், காற்றின் வேகம், கிளைடரின் சறுக்குத் திறன் எல்லாவற்றையும் சேர்த்து, 'தளத்துக்குப் போய்ச் சேரும்போது உங்கள் கையில் 200 மீட்டர் மிச்சம் இருக்கும்' என்று காட்டும். விமானிகள் இந்தக் கடைசிச் சறுக்கலை 'ஃபைனல் கிளைடு' என்கிறார்கள்.

நடுத்தரமான ஒரு போட்டிக் கிளைடர், காற்று அமைதியாக இருந்தால் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போகும். 30 கிலோமீட்டர் போக 750 மீட்டர் உயரம் வேண்டும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உயரத்தில் 100 மீட்டர் பிழை இருந்தால், தூரத்தில் 4 கிலோமீட்டர் பிழை. ஓடுபாதையில் இறங்குவோம் என்று நம்பி வந்தவர், 4 கிலோமீட்டர் முன்னாலேயே ஏதாவது ஒரு வயலைத் தேட வேண்டியிருக்கும். வயல் இருந்தால் நல்லது. காடோ, மின்கம்பிகளோ, வீடுகளோ இருந்தால்?

எனவே, கம்ப்யூட்டர் எவ்வளவு புத்திசாலி என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு உயரத்தைச் சொல்வது யார் என்பதுதான் முதல் கேள்வி.

காற்றை எடைபோடும் வழி

உயரத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, காற்றழுத்தம்.

நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றுக்கு எடை உண்டு. மேலே ஏற ஏற, தலைக்கு மேல் இருக்கும் காற்று குறையும். அழுத்தமும் குறையும். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் சுமார் 8 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் குறைகிறது. இன்றைய அழுத்த உணரிகள் மிக நுட்பமானவை. ஒரு மாடிப்படி ஏறி இறங்கினாலே கண்டுபிடித்துவிடும். உங்கள் போனில் பாரோமீட்டர் சென்சார் இருந்தால், லிஃப்ட்டில் போகும்போது நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இந்த நுட்பம் கிளைடருக்கு மிக அவசியம். 'இப்போது ஏறுகிறோமா, இறங்குகிறோமா' என்பது நொடிக்கு நொடி தெரிய வேண்டும். அதைச் சொல்லும் வேரியோமீட்டர், அழுத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது.

ஆனால், அழுத்தம் உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. அது காற்றை அளக்கிறது. காற்று தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஆல்டிமீட்டருக்குள் ஒரு கற்பனையான வானம் இருக்கிறது. அந்த வானத்தில், கடல் மட்டத்தில் அழுத்தம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல். வெப்பம் எப்போதும் 15 டிகிரி செல்சியஸ். உண்மையான வானம் இந்தக் கற்பனையிலிருந்து விலகும்போது ஆல்டிமீட்டர் தவறும்.

அழுத்தம் மாறினால் திருத்த ஒரு வழி உண்டு. அன்றைய கடல் மட்ட அழுத்தத்தை விமானி கருவியில் திருகி வைப்பார். 'க்யூ.என்.ஹெச்' என்று இதைச் சொல்கிறார்கள். காலை 11 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் பறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாலைக்குள் அழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிட்டால், ஆல்டிமீட்டர் சுமார் 33 மீட்டர் கூடுதலாகக் காட்டும். 40 மடங்கு சறுக்கும் கிளைடருக்கு அது 1.3 கிலோமீட்டர். கருவி பழுதாகவில்லை. வானம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

வெப்பத்துக்கு இப்படி ஒரு திருகு கிடையாது. காற்று, கற்பனை வானத்தைவிட 10 டிகிரி குளிராக இருந்தால், உண்மையான உயரம் காட்டுவதைவிட சுமார் 4 சதவிகிதம் குறைவாக இருக்கும். தளத்துக்கு மேலே 2,000 மீட்டரில் இருப்பதாகக் காட்டினால், 80 மீட்டர் அங்கே இல்லை என்று அர்த்தம். வெயில் காலத்தில் நேர்மாறாக, கையில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். குளிர்கால மலைப் பகுதிகளில்தான் ஆபத்து.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 செப்டம்பர் 2 அன்று, அர்ஜென்டினாவின் எல் கலஃபேட் நகரிலிருந்து கிளம்பிய 'பெர்லான் 2' கிளைடர், ஆண்டிஸ் மலைக்கு மேல் எழும் காற்றலைகளைப் பிடித்து உலக சாதனை உயரத்தைத் தொட்டது. காற்றழுத்தக் கணக்கில் அந்த உயரம் சுமார் 76,100 அடி. ஜி.பி.எஸ் கணக்கில் சுமார் 74,300 அடி. ஒரே கிளைடர், ஒரே பயணம். வித்தியாசம் 500 மீட்டருக்கும் மேல்! இரண்டு கருவிகளும் சரியாகவே வேலை செய்தன. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லின.

காற்று எந்தத் துளை வழியாக வருகிறது?

அழுத்தத்தை அளப்பது என்று முடிவானால், அடுத்த கேள்வி எந்த இடத்து அழுத்தம் என்பது.

வேகமாகப் போகும் கிளைடரைச் சுற்றி காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம் அழுத்தத்தை மாற்றிவிடும். அதனால், ஓட்டத்தின் பாதிப்பு மிகக் குறைவாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, உடல் பகுதியின் இரு பக்கமும் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். இதற்கு 'ஸ்டாட்டிக் துளை' என்று பெயர். அங்கிருந்து குழாய் வழியாக அழுத்தம் கருவிக்கு வரும்.

ஆனால், எல்லாக் கருவியும் இந்தக் குழாயில் இணைக்கப்படுவதில்லை. பறத்தலைப் பதிவுசெய்யும் பல கருவிகள், மோதல் எச்சரிக்கை தரும் 'ஃப்ளார்ம்' கருவிகளில் பல, விமானியின் போன்... இவையெல்லாம் காக்பிட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைத்தான் அளக்கின்றன. காக்பிட் என்பது காற்றுப்புகாத பெட்டி அல்ல. ஜன்னலைத் திறந்தால் ஓர் அழுத்தம், மூடினால் ஓர் அழுத்தம். மெதுவாகப் போனால் ஒன்று, வேகமாகப் போனால் இன்னொன்று.

எவ்வளவு மாறும்? மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 19 ஹெக்டோபாஸ்கல். இதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் காக்பிட்டுக்குள் புகுந்து குழப்பினாலே, உயரம் 16 மீட்டர் மாறிவிடும்.

குழாயை மாற்றிச் செருகினால் இன்னும் மோசம். கிளைடரின் வால் பகுதியில் ஒரு கம்பி போன்ற குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். விமானி மூக்கைத் தூக்கியதால் ஏறுகிறோமா, காற்று தூக்கியதால் ஏறுகிறோமா என்பதை வேரியோமீட்டருக்குப் பிரித்துக் காட்டுவதற்காக, அது வேகத்துக்கு ஏற்ப வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும். அந்தக் குழாயைத் தவறுதலாக உயரம் அளக்கும் உணரியில் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 40 மீட்டர் கூடுதலாகக் காட்டும். 200 கிலோமீட்டரில் சுமார் 160 மீட்டர். தரையில் நிற்கும்போது மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் இது கண்ணில் படாமல் தப்பிவிடும்.

செயற்கைக்கோளிடம் கேட்டால்?

'இவ்வளவு தொல்லை எதற்கு? ஜி.பி.எஸ்ஸிடம் கேட்டுவிடலாமே' என்று தோன்றும். கேட்கலாம். ஜி.பி.எஸ்ஸுக்கு வானிலை ஒரு பொருட்டல்ல. ஜன்னலும் வேகமும் அதைக் குழப்பாது. வயலையும் மலையையும் தாண்ட உதவுகிற, உண்மையான மீட்டர் கணக்கை அது தரும்.

ஆனால், அதற்கும் பலவீனங்கள் உண்டு. செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. காலுக்கு அடியில் ஒன்றுகூட இல்லை, பூமி மறைக்கிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் கோள்கள் இருப்பதால் இருப்பிடம் துல்லியமாகக் கிடைக்கிறது. மேலே மட்டும் இருப்பதால் உயரம் அவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதில்லை. பொதுவாக, உயரத்தில் வரும் பிழை இருப்பிடப் பிழையைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. திறந்த வானத்தில் அது சில மீட்டரில் முடிந்துவிடலாம். மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும்போது பாதி வானம் மறைந்துவிட, பிழை பெருகலாம். சிக்னலே குலைக்கப்படும் இடங்களில் எண் காணாமலும் போகலாம்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கு நெருக்கமானது.

மெரினா கடற்கரையில், அலை காலைத் தொடும் இடத்தில் நின்றுகொண்டு, போனில் ஜி.பி.எஸ் உயரத்தை அப்படியே காட்டும் ஒரு செயலியைத் திறந்து பாருங்கள். சில செயலிகள் 'மைனஸ் 80'-க்கும் கீழே ஓர் எண்ணைக் காட்டும். கடலுக்கு அடியிலா நிற்கிறோம்?

இல்லை. ஜி.பி.எஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியைச் சற்றே தட்டையான பந்தாகக் கற்பனை செய்து போட்ட ஒரு கணிதப் பரப்பிலிருந்து. உண்மையான கடல் மட்டமோ, பூமியின் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே, இலங்கைக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம், கணிதப் பரப்பைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. சென்னையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. தெற்கு ஜெர்மனியிலோ நேர்மாறு. அங்கே கடல் மட்டக் கணக்கு சுமார் 45 மீட்டர் மேலே இருக்கிறது.

நல்ல கருவிகள் இந்த வித்தியாசத்தைத் தாமே கழித்துவிட்டு, கடல் மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்லும். சில கருவிகள் கழிக்காது. சில இடங்களில் இரண்டு கருவிகளுமே ஒருமுறை கழித்துவிடும். ஜெர்மனியில் இந்த 45 மீட்டர் தவறினால், ஃபைனல் கிளைடில் 1.8 கிலோமீட்டர் தவறும்.

தபால்காரர் செய்யும் குழப்பம்

இன்றைய காக்பிட்டில் மூன்று, நான்கு கருவிகள் ஒன்றோடொன்று கேபிள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அளப்பது ஒன்று, கொண்டுவருவது இன்னொன்று, காட்டுவது மற்றொன்று. இந்தத் தபால் வேலையிலும் பிழை வரும்.

உதாரணத்துக்கு, ஒரு கருவி உயரத்தை 1013.25 என்ற பொதுக் கணக்கில் அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அதை அன்றைய அழுத்தத்துக்குத் திருத்திக்கொள்ளும். நல்லது. இன்னொரு கருவி, விமானி திருகி வைத்த க்யூ.என்.ஹெச் கணக்கில் ஏற்கெனவே திருத்திய உயரத்தை அனுப்புகிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. மறுபடியும் திருத்துகிறது. அன்றைய அழுத்தம் 1023 ஆக இருந்தால், இந்த இரட்டைத் திருத்தத்தால் மட்டும் சுமார் 80 மீட்டர் கூடுதலாகக் காட்டும். தரையில் நிற்கும்போதே காட்டும் என்பதுதான் ஒரே ஆறுதல். அங்கேயே பார்த்தால் பிடித்துவிடலாம்.

அடி, மீட்டர் குழப்பமும் உண்டு. கிம்லி விமானத்தை எரிபொருள் இல்லாமல் நிறுத்தியதும் இப்படி ஓர் அலகுக் குழப்பம்தானே!

எந்த வேலைக்கு எது?

சரி, கடைசியில் எதைத்தான் நம்புவது? 'எது சிறந்தது' என்று கேட்பதைவிட, 'எந்த வேலைக்கு எது' என்று கேட்பதுதான் சரி.

ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்று அறிய, காற்றழுத்தம். அதுவும் ஸ்டாட்டிக் துளை, வால் குழாய் வழியாக வருவது. ஜி.பி.எஸ் இந்த வேலைக்குப் போதாது.

வான் எல்லைகளை மீறாமல் இருக்கவும், காற்றழுத்தம்தான். 'இந்த உயரத்துக்கு மேல் பெரிய விமானங்கள் வரும், நீங்கள் வரக் கூடாது' என்று போடப்படும் எல்லைகள் ஆல்டிமீட்டர் கணக்கில்தான் போடப்பட்டிருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்றைய வானத்தால் ஆல்டிமீட்டர் தவறினாலும், அந்தப் பகுதியில் பறக்கும் எல்லா விமானங்களின் ஆல்டிமீட்டரும் ஒரே அளவில் தவறும். எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடந்தால், கடிகாரம் பத்து நிமிடம் தவறினாலும் சந்திப்பு தவறாது, அல்லவா? அதுபோலத்தான். ஒருவர் மட்டும் 'நான் ஜி.பி.எஸ் பார்த்துப் பறக்கிறேன்' என்றால் அவர்தான் வழிதவறியவர்.

ஃபைனல் கிளைடுக்கு? இங்கே விமானிகளிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. தளத்தின் அன்றைய க்யூ.என்.ஹெச் ரேடியோவில் கிடைத்தால், காற்றழுத்த உயரம் நல்ல தேர்வு. வெப்பத்தால் வரும் பிழை, தளத்தை நோக்கி இறங்க இறங்கச் சுருங்கிக்கொண்டே வந்து, தரையில் இல்லாமலே போய்விடும். ஆனால், காலையில் வைத்த பழைய எண்ணோடு 300 கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டவருக்கு, ஜி.பி.எஸ் உயரம் பெரிய துணை. பல கம்ப்யூட்டர்களில் இரண்டில் எதை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. கருவி வாங்கிய நாளில் யாரோ வைத்துவிட்டுப் போன அமைப்பிலேயே பல வருடங்கள் பறப்பவர்களும் உண்டு.

அனுபவசாலிகள் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டு, இன்னொன்றை வைத்துச் சரிபார்ப்பார்கள். ஆனால், சரிபார்ப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தவர்களின் கதை சோகமானது.

ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு பதில்கள்

1996 அக்டோபர் 2. நள்ளிரவு தாண்டிய நேரம். பெரு நாட்டின் லிமாவிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குக் கிளம்பியது, ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757. கிளம்பிய சில விநாடிகளிலேயே உயரமும் வேகமும் தாறுமாறாகக் காட்டத் தொடங்கின. விமானத்தைக் கழுவி மெருகேற்றியபோது, தண்ணீர் புகாமல் இருக்க ஸ்டாட்டிக் துளைகளின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அதைப் பிரித்தெடுக்க மறந்துவிட்டார்கள்.

கீழே இருண்ட கடல். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கருவிகளைச் சந்தேகித்த விமானிகள், சரியான காரியம்தான் செய்தார்கள். தரைக்கட்டுப்பாட்டு அறையிடம் உயரத்தைக் கேட்டார்கள். ரேடார் திரையைப் பார்த்த அதிகாரி 9,700 அடி என்றார். காக்பிட் கருவியும் அதையே காட்டியது. இரண்டும் பொருந்திவிட்டன.

ஆனால், ரேடார் திரையில் தெரிந்த அந்த உயரம் ரேடார் அளந்தது அல்ல. அந்த விமானமே அனுப்பிய எண். டேப் ஒட்டிய அதே துளையிலிருந்து போன எண். விமானிகள் இரண்டாவது ஆளிடம் கேட்டதாக நினைத்தார்கள். தங்கள் குரலின் எதிரொலியைத்தான் கேட்டிருந்தார்கள்.

தரையை நோக்கி ரேடியோ அலை அனுப்பி உயரத்தை அளக்கும் தனிக் கருவி ஒன்றும் விமானத்தில் இருந்தது. டேப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'மிகத் தாழ்வாக இருக்கிறீர்கள்' என்று அது எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஒன்றுக்கொன்று முரணான எச்சரிக்கைகளின் இரைச்சலில், எது உண்மை என்று பிரித்தறிய அவர்களால் முடியவில்லை. விமானம் கடலில் மோதியது. உள்ளே இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

கிளைடர் காக்பிட்டிலும் இதே பள்ளம் சின்ன அளவில் காத்திருக்கிறது. ஆல்டிமீட்டரும் ஃப்ளைட் கம்ப்யூட்டரும் ஒரே எண்ணைக் காட்டினால் மனம் நிம்மதி அடையும். ஆனால், இரண்டும் ஒரே துளையின் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தால், அது இரண்டு சாட்சி அல்ல, ஒரே சாட்சிதான். காற்றழுத்தத்தை ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டால்தான் அது சரிபார்ப்பு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் தளத்தைக் கண்ணால் பார்ப்பது மூன்றாவது சாட்சி.

ஐந்து நிமிடச் சோதனை

இந்தச் சோதனைகளுக்குப் பணம் செலவில்லை.

புறப்படும் முன், ஓடுபாதையில் நிற்கும்போது: எல்லாக் கருவிகளும் காட்டும் உயரத்தைத் தளத்தின் அறிவிக்கப்பட்ட உயரத்தோடு ஒப்பிட வேண்டும். இரட்டைத் திருத்தம், அடி-மீட்டர் குழப்பம், கடல் மட்டக் கணக்கு எல்லாம் இங்கேயே பிடிபடும். ஸ்டாட்டிக் துளையில் டேப்போ, மழைத்தண்ணீரோ இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும் இதில் சேர்த்தி.

பறக்கும்போது, நிறைய உயரம் இருக்கும் நேரத்தில்: வேகத்தை 100-லிருந்து 180 கிலோமீட்டருக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். காற்றழுத்த உயரத்துக்கும் ஜி.பி.எஸ் உயரத்துக்கும் இடையிலான வித்தியாசம் வேகத்தோடு சேர்ந்து மாறினால், குழாயிலோ காக்பிட் உணரியிலோ கோளாறு. ஜன்னலைத் திறந்து மூடியதும் உயரம் துள்ளினால், அந்தக் கருவி காக்பிட் காற்றை அளக்கிறது என்று அர்த்தம்.

இறங்கிய பிறகு: தளத்தின் உயரத்துக்கும் கருவி காட்டும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று வானம் எவ்வளவு ஏமாற்றியது என்பதை அது சொல்லிவிடும். சில மாதங்கள் குறித்துவந்தால், எவ்வளவு உயரத்தைக் கைகாவலாக வைக்க வேண்டும் என்பது சொந்த அனுபவத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தக் கைகாவல் மிக முக்கியம். கம்ப்யூட்டர் 'மிச்சம் 50 மீட்டர்' என்று காட்டினால், அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதுவரை பார்த்த பிழைகளில் ஒன்றே ஒன்று போதும், அந்த 50 மீட்டரை விழுங்கிவிட. அதனால்தான் 200 மீட்டர், 300 மீட்டர் மிச்சம் வைத்துக் கிளம்புகிறார்கள். அது பயம் அல்ல, எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களின் நிதானம்.

கிளைடர் ஓட்டாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் நான்கு குழுக்களில் பார்த்ததும், 'நான்கு பேர் சொல்கிறார்களே' என்று நம்பிவிடுகிறோம். நான்கும் ஒரே ஆள் அனுப்பியதை ஃபார்வேர்டு செய்தவையாக இருக்கலாம். எத்தனை இடங்களில் பார்த்தோம் என்பதைவிட, அவை எங்கிருந்து கிளம்பின என்று பார்ப்பது நல்லது. கிம்லியில் 69 பேர் பிழைத்ததற்கும் லிமாவில் 70 பேர் இறந்ததற்கும் இடையில் நின்றது, உயரத்தைச் சொன்ன ஒரு எண்தான்.